டேப்பட் கவரில் ஆயில் கசிவு: ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

பழைய காரில் டேப்பட் கவர், அதாவது எஞ்சின் ஹெட்டுக்கு மேல் உள்ள மூடியின் ஓரம் ஆயில் கசிந்தால் பெரும்பாலான ஷெட்டுகளில் நடப்பது ஒன்றுதான். பத்து நம்பர் ஸ்பேனரை எடுத்து எல்லா போல்ட்டையும் இன்னொரு சுற்று முறுக்கிவிடுவார்கள். "நல்லா டைட் வச்சு வுடுண்ணே" என்று வண்டிக்காரரும் பக்கத்தில் நின்று சொல்வார். இரண்டு நாள் கசிவு நிற்கும், அப்புறம் முன்பைவிட அதிகமாக வரும். மறுபடி முறுக்குவார்கள். கடைசியில் ஹெட்டில் மரை போய்விடும்.

டேப்பட் கவருக்குள் ஆயில் பிரஷரில் நிற்பதில்லை. வால்வைத் திறக்கிற ராக்கரிலிருந்தும் கேமிலிருந்தும் தெறித்துச் சுவரில் வழிந்து கீழே இறங்குகிற ஆயில்தான் அங்கே இருப்பது. அதை நிறுத்த, கவருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள பேக்கிங் (கேஸ்கெட்) எல்லா இடத்திலும் ஒரே அளவில், லேசாக அழுந்தினாலே போதும். அதிகம் முறுக்கினால் தகரக் கவர் போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்துவிடும், இரண்டு போல்ட்டுக்கு நடுவே தூக்கிக்கொள்ளும். கார்க் பேக்கிங் வெடிக்கும். ரப்பர் பேக்கிங் பிதுங்கி வெளியே வரும். என்னிடம் கசிவு என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல், முன்னால் யாரோ முறுக்கியதால் வந்த கசிவுதான்.

இங்கே சொல்வது அம்பாசடர், பத்மினி, கான்டெஸ்ஸா, மாருதி 800, ஆம்னி, ஜென், எஸ்டீம், முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி போன்ற வண்டிகளுக்கு. வட சென்னையில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரம் ஓடும் வண்டிகளுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. உப்புக் காற்றில் போல்ட்டும் வாஷரும் சீக்கிரம் துரு ஏறும். கன்டெய்னர் லாரிப் புழுதி கசிந்த ஆயிலில் ஒட்டிக் கறுப்பு மேலோடாகிவிடுவதால், எங்கிருந்து கசிகிறது என்றே தெரியாது.

முதலில் கழுவுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்யாமல் போல்ட்டில் கை வைக்க வேண்டாம். ஆயில் கீழ்நோக்கி வழியும், ஃபேன் காற்றில் பின்னோக்கியும் போகும். ஈரம் தெரிகிற இடம் கசிகிற இடமாக இருக்க வேண்டியதில்லை. ஈரத்தின் மிக உயரமான, மிக முன்னால் உள்ள புள்ளியைத்தான் தேட வேண்டும்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுங்கள். பனியன் வேஸ்ட்டால் நன்றாகத் துடைத்து, புகை வெளியேறுகிற சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் சொட்டுக்கூட மீதி இல்லாமல் காயவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

காய்ந்ததும் கவரின் ஓரம் முழுக்க முகத்துக்குப் பூசுகிற பவுடரைத் தூவுங்கள். பிறகு கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு முறை ஓட்டிவிட்டு வாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் வருகிற இடம் மட்டும் பழுப்பாகக் கோடு போட்டிருக்கும். எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகரச் சுவர் (ஃபயர்வால்) பக்கம் கண் எட்டாது. சவரக் கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்க்கலாம், அல்லது போனில் டார்ச் போட்டு வீடியோ எடுத்துப் பார்க்கலாம்.

சிக்னலில் நின்றால் கருகிய ஆயில் நாற்றம், பானெட் ஓரம் லேசான புகை

ஆயில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் சொட்டுகிறது. வண்டி ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடும். டோல்கேட்டிலோ மணலி ரோட்டிலோ லாரி வரிசைக்குப் பின்னால் கால்மணி நேரம் ஐடிலில் நின்றால்தான் மூக்குக்குத் தெரியும். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் நாற்றம் நேராக உள்ளே வரும்.

இந்த அறிகுறியைத் தள்ளிப்போடக் கூடாது. சொட்டுச் சொட்டாக விழுகிற ஆயில் பெரும்பாலும் புகைந்து தீர்ந்துவிடும். ஆனால் மேனிஃபோல்டைச் சுற்றிப் பல மாதமாக ஊறிய அழுக்கும் துணி நூலும் இருந்தால் தீப் பிடிக்க வாய்ப்பு உண்டு. கார்புரேட்டர் வண்டியில் பக்கத்திலேயே பெட்ரோல் ஹோஸும் போகிறது. கசிவைச் சரிசெய்கிற அன்றே அந்த ஹோஸ் வெடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கசிவு மேனிஃபோல்டு பக்கத்து ஓரத்தில் இருந்தால் கீழே "கவர் ஓரத்தில் கசிவு" என்பதற்குப் போங்கள்.

போல்ட் தலையைச் சுற்றி மட்டும் ஈரம்

ஓரம் காய்ந்திருக்கிறது, போல்ட் தலையடியில் மட்டும் பவுடர் நனைந்திருக்கிறது என்றால் பேக்கிங் மேல் குற்றம் இல்லை. போல்ட் கவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிற இடத்தை அடைக்கிற ரப்பர் புஷ்ஷோ வாஷரோதான் செத்துப்போயிருக்கிறது. இதற்கு முழுப் பேக்கிங் செட் வாங்குவது வீண் செலவு.

பழைய 1489 சிசி அம்பாசடரில் டேப்பட் கவரை நடுவில் இரண்டே நட்டுகள்தான் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு நட்டுக்கும் அடியில் ஒரு கப் வாஷர், அதற்கடியில் ஒரு ரப்பர் புஷ். ரப்பர் சூட்டில் வெந்து கல்லாகிவிடும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத் தடம் விழாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். புது புஷ் போட்டு இறுக்கும்போது ரப்பர் லேசாக உப்பித் தெரிகிற அளவு போதும். அந்த எஞ்சினின் மூலமான பிரிட்டிஷ் பி-சீரிஸ் கையேடுகளில் இந்த நட்டுக்குப் போட்டிருக்கிற அளவே 4 பவுண்டு-அடிதான், அதாவது சுமார் 5.5 நியூட்டன் மீட்டர். நீளமான ரிங் ஸ்பேனரைக் கையில் பிடித்தாலே அதைவிடக் கூடிவிடும்.

போல்ட்டையும் நட்டையும் மாற்றும்போது கடையில் "ஆறு எம்எம் போல்ட் நாலு குடு" என்று கேட்டு வாங்கிவருவதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது. பழைய அம்பாசடர் எஞ்சினில் அங்குல மரை, யூஎன்எஃப் வகை. பின்னால் வந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் அம்பாசடரில் மில்லிமீட்டர் மரை. பெயர் ஒன்று, எஞ்சின் வேறு. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லி. எட்டு மில்லி போல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் மரையின் இடைவெளி வேறு. ஒன்றின் நட்டை மற்றொன்றில் போட்டால் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று சாதுவாகப் போய் இறுகிக்கொள்ளும். "டைட் ஆயிடுச்சு" என்று நினைத்து ஒரு அழுத்து அழுத்தினால் மரை சீவிக்கொண்டு வந்துவிடும். அதனால் பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். பாரிமுனைப் பக்கம் போல்ட் நட்டுக் கடைகளில் மரை கேஜ் வைத்திருப்பார்கள். அளந்து கொடுக்கச் சொன்னால் கொடுப்பார்கள்.

மாருதி முதலிய ஜப்பான் வழி எஞ்சின்களில் டேப்பட் கவர் போல்ட் பெரும்பாலும் 6 மில்லி, மரை இடைவெளி (பிட்ச்) 1 மில்லி, பத்து நம்பர் தலை. இதில் கவனிக்க வேண்டியது போல்ட்டின் உருவம். சில கவர்களின் போல்ட்டில் மரைக்கு மேல் ஒரு தடித்த தோள் இருக்கும். அந்தத் தோள் ஹெட்டில் போய் முட்டி நின்றதும் அதற்கு மேல் பேக்கிங் அழுந்தாது. அவ்வளவு அழுந்தினால் போதும் என்று கம்பெனியே வைத்த கணக்கு அது. தோள் முட்டிய பிறகும் கசிந்தால் முறுக்குவதால் எந்தப் பயனும் இல்லை, போல்ட்தான் அறுந்துபோகும். தோள் உள்ள போல்ட்டை எடுத்துவிட்டுச் சாதா போல்ட் போட்டால் பேக்கிங் நசுங்கிவிடும். இந்த வகை போல்ட்டைப் புதிதாகவோ, பழைய உதிரிபாகம் விற்கிற புதுப்பேட்டையில் அதே எஞ்சினிலிருந்து கழற்றியதாகவோ வாங்குவதுதான் சரி.

வாஷர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஸ்பிரிங் வாஷரைத் தகரக் கவரில் போடாதீர்கள். அதன் முனை தகரத்தைக் கீறிக் குழிக்கும், அந்தக் கீறல் வழியாகத் துரு ஏறும். அகலமான தட்டை வாஷர் அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும், தகரக் கவருக்கு அதுதான் நல்லது.

கடலோர வண்டிக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். அலுமினிய ஹெட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அப்படியே போட்டால், உப்பு ஈரம் சேர்ந்து இரண்டு உலோகமும் உறவாடி அலுமினியம் அரித்துப் பொடியாகும். பிறகு போல்ட் வராது, வந்தால் மரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். துத்தநாகப் பூச்சுள்ள 8.8 கிரேடு போல்ட்டே போதும். மரையில் கிரீஸ் மிக லேசாகத் தடவிப் போடுங்கள். கிரீஸ் தடவிய மரை எளிதாக இறங்கும் என்பதால் முறுக்கை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கவர் ஓரத்தில் கசிவு

இங்கேதான் பேக்கிங் வேலை. பேக்கிங் செட் வாங்கும்போது எஞ்சின் வகையைச் சொல்லிக் கேளுங்கள். மாருதி 800 என்றால் கார்புரேட்டரா எம்பிஎஃப்ஐயா (இன்ஜெக்ஷன்) என்பதும் சேர வேண்டும்.

கழற்றும்போது போல்ட்டை ஒரேயடியாக எடுக்காமல், ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்திக்கொண்டே வாருங்கள். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் அலுமினியத்தில் விழுகிற பள்ளம் எத்தனை பேக்கிங் போட்டாலும் கசியும்.

கவரை எடுத்ததும் ஹெட்டில் உள்ள ஆயில் இறங்கும் துளைகளில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள், நூல் விடாத துணியாக இருக்க வேண்டும். அப்புறம் பழைய பேக்கிங்கைச் சுரண்டுங்கள். பிளாஸ்டிக் தகடோ தேய்ந்த மரப் பட்டையோ போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அதன் மணல் கேமிலும் பேரிங்கிலும் போய்ச் சேரும்.

தகரக் கவராக இருந்தால் அதைக் கவிழ்த்து ஒரு கண்ணாடிப் பலகை மேல் வையுங்கள். நான்கு பக்கமும் உட்கார வேண்டும். ஆடினால், அல்லது ஓரத்துக்கு அடியில், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு நுழைந்தால், கவர் வளைந்திருக்கிறது. போல்ட் துளையுள்ள கவர்களில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தகரம் ஹெட்டை நோக்கிக் கிண்ணமாகக் குழிந்திருக்கும். கையை ஓட்டினாலே தெரியும். ஓரத்தைப் பட்டறைக்கல் மேல் வைத்து, பேக்கிங் உட்காருகிற, புடைத்த பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியலால் பொறுமையாகத் தட்டினால் சமமாகிவிடும். கசிவு வேலையில் பலரும் விட்டுவிடுவது இந்தக் காரியத்தைத்தான். வளைந்த கவரில் எவ்வளவு விலையுயர்ந்த பேக்கிங் போட்டாலும் பயனில்லை. அலுமினியக் கவர் வளைந்திருந்தால் தட்டக் கூடாது, வெடித்துவிடும். லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சீவி வாங்கலாம்.

கார்க் பேக்கிங் கடையில் நாள்பட்டு இருந்தால் காய்ந்து சுருங்கியிருக்கும், துளைகள் பொருந்தாது. இழுத்துப் பொருத்தினால் உடையும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் பழைய அளவுக்கு வந்துவிடும். துடைத்துவிட்டுக் கவரோடு மட்டும் ரப்பர் கம் தடவி ஒட்டுங்கள். ஹெட் பக்கம் ஒன்றும் தடவ வேண்டாம். அடுத்த முறை டேப்பட் அட்ஜஸ்ட் செய்யக் கழற்றும்போது பேக்கிங் கிழியாமல் கவரோடு வரும்.

ரப்பர் பேக்கிங்குக்குக் கம்மே தேவையில்லை. கவரின் பள்ளத்தில் சுற்றிலும் அழுத்தி உட்கார வைத்தால் சரி. சிலிகான் பேஸ்ட் போட வேண்டிய இடம், கேம் ஷாஃப்ட் எண்டு பக்கத்தில் அரைவட்டமாகக் கட்டியிருக்கும் மூலைகளில் மட்டும், அதுவும் ஒரு பட்டாணி அளவு. சுற்றிலும் குழாயிலிருந்து பிதுக்கித் தள்ளினால் உள்பக்கம் பிதுங்கிய சிலிகான் துண்டுகள் அறுந்து அடியில் உள்ள ஆயில் தொட்டியில் (சம்ப்) விழும், ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கும். வெளியே கசிவு நின்ற மகிழ்ச்சியில் எஞ்சினையே இழக்க நேரும். சிலிகான் தடவியதும் மேலே தோல் பிடிப்பதற்குள் கவரை மாட்டிவிட வேண்டும். டியூபில் எழுதியிருக்கிற நேரம் காயவிட்டுத்தான் ஸ்டார்ட்.

எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் முதலில் போடுங்கள். ஒரு போல்ட் விரலால் மூன்று சுற்றுகூடப் போகவில்லை என்றால் நிறுத்திப் பாருங்கள், மரை ஏறுமாறாக ஏறுகிறது. பிறகு நடுவில் தொடங்கிக் குறுக்காக மாறி மாறி ஓரத்துக்குப் போங்கள், இரண்டு சுற்றாக. 6 மில்லி போல்ட்டுக்குப் பெரும்பாலான எஞ்சின்களில் 5 முதல் 10 நியூட்டன் மீட்டருக்குள்தான் அளவு இருக்கும். உங்கள் எஞ்சினின் கையேட்டில் சரியான எண் இருக்கிறது. முறுக்கை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் சிலவற்றில் கிலோகிராம்-மீட்டர் (kgf·m) கணக்கு இருக்கும். 10 நியூட்டன் மீட்டர் என்பது கிட்டத்தட்ட 1 கிலோகிராம்-மீட்டர். சக்கர நட்டுக்கு வைத்திருக்கிற பெரிய டார்க் ரெஞ்சு இவ்வளவு சின்ன அளவைச் சரியாகக் காட்டாது. சின்ன ரெஞ்சு இல்லையென்றால் ராட்செட்டின் கைப்பிடியை விட்டுவிட்டு அதன் தலையை மட்டும் பிடித்து, மணிக்கட்டால் திருப்புங்கள்.

கார்க் போட்ட வண்டியை ஒரு முறை சூடேற்றி, ஆறவிட்டு, லேசாக ஒரு தடவை சரிபார்க்கலாம். ரப்பர் போட்டதை மறுபடி தொடவே வேண்டாம்.

கவரைத் திறந்துவிட்டீர்கள் என்றால் அன்றே டேப்பட் கிளியரன்ஸையும் (வால்வு இடைவெளி) பார்த்துவிடுங்கள். அதற்காகப் பத்து நாள் கழித்து மறுபடி திறந்தால் புதுப் பேக்கிங் போச்சு.

போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது

மரை போய்விட்டது. வெளியே எடுத்துப் பாருங்கள். போல்ட்டின் பள்ளங்களில் வெள்ளி நிறத்தில் கம்பி போல அலுமினியச் சுருள் சுற்றியிருந்தால் அது ஹெட்டின் மரைதான்.

மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது, எம்-சீல் வைப்பது, ஒரு தகரத் துண்டை நுழைப்பது எல்லாம் வண்டியை விற்கப்போகிறவர்கள் செய்கிற வேலை. சரியான வழிகள் இரண்டு. முதலில் துளையின் ஆழத்தைக் கம்பி விட்டு அளந்து பாருங்கள். பழைய போல்ட் துளையின் பாதிவரைதான் போயிருக்கிறது, அடியில் நல்ல மரை மீதி இருக்கிறது என்றால் சற்று நீளமான போல்ட் போட்டால் வேலை முடிந்தது. அலுமினியத்தில் 6 மில்லி போல்ட்டுக்குக் குறைந்தது 9 மில்லியாவது மரை பிடிப்பு வேண்டும். நீளம் கூடி அடியில் முட்டினாலும் கவர் இறுகாது, அதையும் பாருங்கள்.

அடியில் மரை இல்லையென்றால் ஹெலிகாயில். செட்டோடு வருகிற டிரில் பிட்டாலேயே துளையைப் பெரிதாக்கி, செட்டில் உள்ள டேப்பாலேயே புது மரை போட்டு, ஸ்பிரிங் மாதிரி உள்ள எஃகு மரையை உள்ளே இறக்க வேண்டும். துளை நேராக இறங்க வேண்டும். கையில் டிரில் பிடித்துப் பழக்கமில்லை என்றால் லேத் பட்டறைக்காரரை வரவழைப்பதே மேல். டிரில்லில் கிரீஸ் தடவிக்கொண்டால் தூள் அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். சுற்றிலும் துணி அடைத்திருக்க வேண்டும். துளை சரியாக அமைந்துவிட்டால் இந்த எஃகு மரை பழைய அலுமினிய மரையைவிட வலுவாகவே இருக்கும்.

போல்ட் உள்ளேயே அறுந்துவிட்டது

காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றி ஓடிய ஆம்னி ஒன்று வந்தது. சீட்டைத் தூக்கினால் ஐஸ் தண்ணீரும் உப்பும் சேர்ந்து எஞ்சின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. போல்ட் தலைகள் பத்து நம்பராகத் தொடங்கி ஒன்பதுகூடத் தேறாத அளவுக்குத் துருவில் கரைந்திருந்தன. இப்படிப்பட்ட வண்டியில் நேராக ஸ்பேனர் போட்டால் தலை கையோடு வரும்.

துருத் தளர்த்தும் ஆயிலை முந்தின நாள் மாலையே அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் போல்ட் தலையில் நேராக, சின்னச் சுத்தியலால் நாலு தட்டு தட்டுங்கள். அதிர்ச்சியில் துரு விரிசல் விடும், ஆயில் இறங்கும். ஆறு முனைச் சாக்கெட் போடுங்கள், பன்னிரண்டு முனை வழுக்கிவிடும். முதலில் இறுக்குகிற திசையில் நூலளவு அசைத்து, பிறகு கழற்றுகிற திசைக்குத் திருப்புங்கள். மறுபடி இறுகுவதாகத் தெரிந்தால் ஆயில் விட்டு முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே வாருங்கள்.

அப்படியும் அறுந்தால், மீதித் துண்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதைப் பொறுத்து வேலை மாறும். நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்பலாம். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, மண்ணெண்ணெய் ஈரம் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் வெல்டிங். அந்தச் சூடே பாதித் தளர்ச்சியைக் கொடுத்துவிடும். மட்டத்தோடு அறுந்திருந்தால் மிகச் சரியாக நடுவில் பஞ்ச் வைத்து, இடது சுற்று டிரில் பிட்டால் போடுங்கள். பல நேரம் டிரில்லே துண்டைக் கழற்றிக்கொண்டு வரும். ஈஸி-அவுட் என்று விற்கிற எதிர் மரைக் கம்பியை 6 மில்லி போல்ட்டில் அழுத்த எனக்கு மனம் வருவதில்லை. அது கடினமான எஃகு. உள்ளே உடைந்தால் எந்த டிரில்லும் அதைத் தொடாது. ஹெட்டைக் கழற்றி, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கிற ஸ்பார்க் எரோஷன் செய்யும் இடம் தேடி அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் அலைய வேண்டியிருக்கும்.

புதுப் பேக்கிங் போட்டும் ஒரு வாரத்தில் மறுபடி கசிகிறது

கவர் நேராக இருக்கிறது, போல்ட் சரி, பேக்கிங் சரி. இருந்தும் கசிகிறது. அல்லது ஒரே நேரத்தில் டேப்பட் கவர், டிஸ்ட்ரிபியூட்டர், முன் சீல் என்று நாலு இடத்தில் வியர்க்கிறது. ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக் தானாக மேலே எழும்பி நிற்கிறது. இவை எல்லாம் எஞ்சினுக்குள் காற்று அடைபட்டு அழுத்தம் ஏறியிருப்பதன் அடையாளம்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் புகை எப்போதுமே கீழே இறங்கும். அது வெளியேற ஒரு வழி வேண்டும். மாருதி வகைகளில் டேப்பட் கவரிலிருந்து ஹோஸ் வழியாக இன்டேக் பக்கம் போகிறது. பழைய அம்பாசடரில் எஞ்சினின் பக்கவாட்டு மூடியிலிருந்து பிரீதர் குழாய் ஏர் கிளீனருக்குப் போகிறது. அந்த வழி கறுப்புப் பசையால் அடைத்துவிட்டால் புகை பேக்கிங்கைத் தள்ளிக்கொண்டுதான் வெளியேறும். பேக்கிங் மாற்றியதே தவறு என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இந்த ஹோஸைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள், முனையைத் துடைத்துவிட்டு.

அந்தப் புகையை இன்டேக்குக்கு விடுகிற பிசிவி வால்வு உள்ள வண்டியானால் ஐடிலில் வால்வைக் கவரிலிருந்து பிடுங்கி முனையைக் கட்டை விரலால் மூடுங்கள். விரலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சவில்லை என்றால் வால்வோ ஹோஸோ அடைப்பு. கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் மாற்றுங்கள்.

வழி எல்லாம் திறந்திருந்தும் ஆயில் மூடியைத் திறந்தால் புகை கொத்தாகக் கிளம்புகிறது, மூடியை மேலே சும்மா வைத்தால் துள்ளி விழுகிறது என்றால் ரிங் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் பாருங்கள். குறைவாக உள்ள சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் பேக்கிங். ரிங் என்று தெரிந்துவிட்டால் டேப்பட் கவரில் இனி ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். எஞ்சின் வேலைக்குக் காசு சேர்த்து வையுங்கள்.

பிளக் குழியில் ஆயில், எஞ்சின் உதறுகிறது

பிளக் டேப்பட் கவரின் நடுவே குழாய்க்குள் இறங்கியிருக்கும் எஞ்சின்களுக்கு மட்டும் இது. பழைய ஹோண்டா சிட்டி ஓர் எடுத்துக்காட்டு. குழாயின் சீல் போனால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது, குழிக்குள் ஆயில் நிரம்பும். பிளக் கேபிளின் ரப்பர் உப்பி, கரன்ட் கசிந்து எஞ்சின் உதறும். பிளக்கைக் கழற்றுவதற்கு முன் குழியில் உள்ள ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும். ஓரப் பேக்கிங்கும் குழாய் சீல்களும் ஒரே செட்டாக வரும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கவர் காய்ந்திருக்கிறது, தரையில் மட்டும் ஆயில்

அப்படியானால் டேப்பட் கவரை விட்டுவிடுங்கள். கார்புரேட்டர் மாருதி 800-லும் ஆம்னியிலும் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் முனையில் கேமோடு சேர்ந்திருக்கிறது. அங்கே உள்ள ஓ-ரிங் காய்ந்தால் வழிகிற ஆயிலைப் பார்த்து டேப்பட் கவர் மூலை என்றே எல்லோரும் நினைப்பார்கள். பழைய அம்பாசடரில் மேனிஃபோல்டுக்குக் கீழே பிளாக்கின் பக்கவாட்டில் இரண்டு தகர மூடிகள் இருக்கின்றன. அவற்றின் பேக்கிங்கும் இதே மாதிரி கசியும். அதற்கும் அதே விதிதான், நடு போல்ட்டை முறுக்கினால் மூடி குழியும். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் அது கிராங்கின் பின்பக்கம். பழைய அம்பாசடர் எஞ்சினில் அங்கே ரப்பர் சீலே கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்புகிற மரைதான் வெட்டியிருக்கிறது. நிறுத்திய பிறகு ஒன்றிரண்டு சொட்டு விழுவது அந்த எஞ்சினின் பிறவிக் குணம். ஆயில் லெவல் குறையாதவரை விட்டுவிடலாம்.

ஆயில் மூடியின் அடியில் வெள்ளைப் பசை

மோர்க்குழம்பு நிறத்தில் கூழாக இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. மழைக்காலத்தில் வீட்டிலிருந்து மார்க்கெட் வரை மட்டும் ஓடுகிற வண்டியில் மூடியில் மட்டும் கொஞ்சம் படிந்தால் பயமில்லை. எஞ்சின் முழுச் சூடு ஏறாததால் வருகிற ஆவி அது. நெடுந்தூரம் ஒரு முறை ஓட்டினால் போய்விடும். டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், ஹெட் பேக்கிங். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி மாதிரி தாழ்வான பகுதியில் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் ஸ்டார்ட்டே செய்யாமல் ஆயிலை வடித்துவிட்டுப் பாருங்கள்.

வேலை முடிந்த பிறகு

ஐடிலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். இரவு வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்துக்குக் கீழே வட்டம் விழுந்திருக்கிறது என்று பார்க்கலாம். முதல் சில நாள் மேனிஃபோல்டில் மீந்த பழைய ஆயில் எரிந்து நாற்றம் வரத்தான் செய்யும். அதைக் கேட்டுப் பயந்து மறுபடி ஸ்பேனரை எடுக்காதீர்கள். பவுடரை இன்னொரு முறை தூவிப் பாருங்கள், போதும்.

வடித்த ஆயிலையும் கழுவிய மண்ணெண்ணெயையும் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். இங்கே ஓடுகிற கால்வாய்கள் பக்கிங்காம் கால்வாயில் கலந்து எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் படர்ந்து மீனவர்களின் வலையும் படகும் பட்ட பாடு ஊருக்கே தெரியும். பழைய கேனில் பிடித்து வைத்தால் கழிவு ஆயில் எடுக்கிறவர்களிடம் சேர்க்கச் சொல்லி எந்த ஷெட்டிலும் கொடுக்கலாம். ஆயில் நனைந்த வேஸ்ட் துணியைக் குவியலாக மூலையில் போடாமல் மூடி போட்ட தகர டின்னில் வையுங்கள்.